ஆள் என்று ஒரு பெயர் வைத்தேன்

பிழை என்னுடையது. பழியை அவள் சுமந்தாள். அது என் பிழை என்று எனக்கு அப்போதே தெரியும்.

இந்த மூன்று வாக்கியங்களை எழுத எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. படிக்கிற உங்களுக்கு மூன்று நொடிகூட ஆகியிருக்காது. பரவாயில்லை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். இடையில் நான் எனக்காக வாதாடத் தொடங்கினால் நம்பாதீர்கள். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

எண்பதுகளின் கடைசி. விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் கணினி மையம் ஒன்று இருந்தது. ஒரே ஒரு கணினி. அதற்குக் குளிர்சாதன வசதி உண்டு. எங்களுக்கு அதன் மிச்சக் காற்று. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முதலாளி தினமும் காலையில் திரைக்குப் பொட்டு வைத்து ஊதுவத்தி காட்டுவார். அந்தக் கணினியில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவள் மேரி.

நான் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். கரும்பும் நெல்லுமாக எங்களுக்குச் சொந்த நிலம் இருந்தது. சென்னையில் ஆறு மாதம் தங்கி, நிரல் எழுதும் 'சி' மொழி படித்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து எனக்குத் தலைக்கனம். அடக்கமாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மேரி ஒலக்கூருக்கு அருகே ஒரு காலனியிலிருந்து வந்தாள். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் நாற்று நடவும் போகிறவர்கள். கணக்கில் பட்டம் பெற்றவள். தினமும் திண்டிவனம் வந்து, பேருந்து மாறி, விழுப்புரம் வந்து சேர்வாள். 'சி' மொழியை யாரிடமும் படிக்கவில்லை. மையத்தில் இருந்த ஒரே புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள்!

கணினி ஒன்றுதான் என்பதால் மேரி தன் பகுதியை நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தருவாள். நான் திருத்துவேன். பிறகு நான்தான் தட்டச்சு செய்வேன். இதுதான் எங்கள் வேலைமுறை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளை இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்த முடிவுசெய்தது. ஊர் ஊராகப் போய், கண்ணில் புரை விழுந்தவர்களைப் பார்த்து, ஆளுக்கொரு அட்டை எழுதினார்கள். பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், ஊர், எந்தக் கண்... அவ்வளவுதான் அட்டை. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஊர்வாரியாகப் பட்டியல் அச்சிட்டுத் தரவேண்டியது எங்கள் வேலை. பட்டியலில் பெயர் இருந்தால்தான் முகாமில் படுக்கை.

ஒரு சிக்கல் இருந்தது. விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் பலர் ஒலக்கூரிலும் பதிந்து, திண்டிவனத்திலும் பதிந்திருந்தார்கள். இரட்டைப் பதிவை நீக்கவேண்டும். ஆனால் நம் பக்கத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். முனியம்மா என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆகவே, ஊரும் பெயரும் ஒன்றாக இருக்கும் இரண்டு அட்டைகளை எடுத்து, தகப்பன் பெயரோ கணவர் பெயரோ ஒன்றுதானா என்று பார்க்கவேண்டும். ஒன்றானால் ஒருவரே, ஓர் அட்டையை நீக்கலாம். வேறானால் இருவர், இரண்டும் இருக்கவேண்டும்.

அந்தச் சிறிய பகுதியை மேரி எழுதினாள். பன்னிரண்டு வரி இருக்கும்.

'சி' மொழியில், பல விவரங்கள் அடங்கிய ஒரு பொருளுக்கு 'ஸ்ட்ரக்ட்' என்று பெயர். எங்கள் அட்டை அப்படி ஒரு ஸ்ட்ரக்ட். அதைக் குறிப்பிடும்போதெல்லாம் 'ஸ்ட்ரக்ட் கார்டு' என்று முழுதாக எழுதவேண்டும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அந்த மொழியிலேயே அதற்கொரு குறுக்குவழியும் உண்டு. 'டைப்டெஃப்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் எதற்கும் நாம் விரும்பிய மாற்றுப் பெயரைச் சூட்டலாம். நான் 'ஆள்' என்று சூட்டினேன். ஆங்கில எழுத்தில் மூன்றே எழுத்து! அதற்காக என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

ஆனால் மேரி ஒவ்வொரு இடத்திலும் ஸ்ட்ரக்ட் கார்டு, ஸ்ட்ரக்ட் கார்டு என்று முழுதாகவே எழுதுவாள். நான் கிண்டல் செய்வேன்.

“இம்போசிஷன் எழுதிக்கினு இருக்கியா மேரி? கை வலிக்கல?”

“வலிக்கல சார். அது இன்னான்னு கண்ணுக்குத் தெரியுது. பேரை மாத்திட்டா எனக்குப் பயமா இருக்குது.”

பயம்! ஒரு நிரலில் பயப்பட என்ன இருக்கிறது என்று சிரித்தேன்.

அவளுடைய நோட்டை வாங்கி, சிவப்பு மையால் 'ஸ்ட்ரக்ட் கார்டு' என்ற சொற்களை அடித்தேன். மேலே 'ஆள்' என்று எழுதினேன். அட்டைகளை எடுத்து வைக்க அவள் இரண்டு தனித்தனி இடங்கள் ஒதுக்கியிருந்தாள். அந்த வரிகளையும் வீண் என்று அடித்தேன். பன்னிரண்டு வரி ஏழு வரியாயிற்று.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“சார், ஒண்ணு கேக்கலாங்களா? ஆள்னு போட்டிருக்கீங்களே... அது அட்டையேவா, இல்ல அட்டை இருக்கிற எடமா?”

எவ்வளவு சரியான கேள்வி! பதில் என் கோப்பின் மூன்றாம் வரியில் இருந்தது. திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் பார்க்கவில்லை.

“அட்டைதான். உனக்கு எதுக்கு அதெல்லாம்? பேரைப் போட்டு எழுதிக்கினு போ.”

“சரிங்க சார்.”

அது அட்டை அல்ல. இடம்தான்.

இதை எப்படி உங்களுக்கு விளக்குவது... விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பார்த்திருப்பீர்கள். பேருந்து வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பார்கள். இருக்கையில் துண்டு கிடக்கும். ஆள் இன்னும் கீழே நிற்பார். நான் அந்தத் துண்டுக்கு 'ஆள்' என்று பெயர் வைத்திருந்தேன். 'சி' மொழியில் இடத்தைக் குறிக்க ஒரு நட்சத்திரக் குறி போடவேண்டும். அந்தக் குறியை என் மாற்றுப் பெயருக்குள் ஒளித்துவிட்டேன். வெளியே பார்ப்பவருக்கு அது தெரியாது. மூன்று மாதம் கழித்து எனக்கே அது மறந்துபோயிருந்தது!

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எத்தனை அட்டை கேட்டாலும் என் நிரல் ஒரே இருக்கையில்தான் கொண்டுவந்து வைக்கும். முதல் அட்டையை எழுப்பிவிட்டு, இரண்டாவது அட்டையை அதே இடத்தில் உட்காரவைக்கும். அப்படியானால் இரண்டு அட்டைகளை ஒப்பிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது அட்டை தன்னைத் தானே ஒப்பிட்டுக்கொள்ளும். கணவர் பெயர் ஒன்றுதான் என்ற விடையே எப்போதும் வரும்.

அதாவது, ஒரே ஊரில் ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவர் காணாமல் போவார்.

நாங்கள் சோதித்துப் பார்த்தோம். பார்க்காமல் இல்லை. உண்மையான இரட்டைப் பதிவுகளைக் கொடுத்தோம். ஒழுங்காக நீக்கியது. ஒரே பெயரில் வெவ்வேறு ஆட்களைக் கொடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. முதலாளி மகிழ்ந்து எல்லோருக்கும் டீ சொன்னார். பட்டியலைச் சுருட்டிக் கட்டி, நானே பேருந்தில் எடுத்துப் போய்த் திண்டிவனத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெருமுக்கல்லில் இரண்டு முனியம்மாக்கள் இருந்தார்கள். ஒருவரின் கணவர் ஏழுமலை. மற்றவரின் கணவர் கோவிந்தன். பட்டியலில் ஏழுமலையின் முனியம்மா மட்டும் இருந்தார்.

கோவிந்தனின் முனியம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கூலி வேலை. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதில் புரை. முகாம் நாளில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு திண்டிவனம் வந்திருக்கிறார். பெயரைச் சொன்னாராம். அந்தப் பெயர் முன்பே உள்ளே போய்விட்டது என்றார்களாம். “நானும் முனியம்மாதாங்க, நான் வேற ஆளு” என்று அவர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாராம். கூட்டத்தில் யார் காதில் விழும்? கம்ப்யூட்டர் லிஸ்ட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டர் என்றால் அன்று அப்படியொரு மரியாதை!

சில மாதங்கள் கழித்து அடுத்த முகாம் வந்தபோது அந்தக் கண் முற்றி, வலி கண்டு, சீழ் வைத்துவிட்டிருந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பழைய அட்டைகளைத் துழாவிப் பார்த்த முகாம் செயலாளர், முனியம்மாவின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு விழுப்புரம் வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் கத்தத் தொடங்கிவிட்டார்.

“பேஜாரு பண்ணிட்டீங்களே சார்! தோ, கார்டு இருக்குது. லிஸ்ட்ல ஆளக் காணோம். அந்தப் பொம்பளைக்கு ரெண்டு கண்ணும் போச்சு. யாரு பதில் சொல்றது?”

முதலாளி அச்சுத்தாளை எடுத்து விரித்தார். அவருக்கு நிரல் படிக்கத் தெரியாது. “ஒரே பேரு வந்தா பாக்குற எடம் எது?” என்று என்னைக் கேட்டார்.

அந்த ஏழு வரிகளைப் பார்த்தேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது. ஐயோ... அவ்வளவு தெளிவாக இருந்தது!

ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அதை எழுதியவர் பெயரைப் போடவேண்டும் என்று மையத்தில் நான்தான் விதி வைத்திருந்தேன். அந்த ஏழு வரிக்கு மேலே மேரியின் பெயர் இருந்தது.

“யாரு எழுதுனது?” என்றார் முதலாளி.

அவள் பெயர்மேல் விரலை வைத்தேன்.

அவ்வளவுதான் செய்தேன். பொய் சொல்லவில்லை, பார்த்தீர்களா? இந்தச் சமாதானத்தை எத்தனையோ ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேரியைக் கூப்பிட்டார்கள். அவள் அட்டையைப் பார்த்தாள், அச்சுத்தாளைப் பார்த்தாள்.

“நான் மொதல்ல வேற மாதிரி எழுதியிருந்தேங்க. நோட்டுல இருக்குது... அதப் பாத்தா தெரியும்.”

நோட்டு என் மேசை இழுப்பறையில் இருந்தது. என் சிவப்பு மையோடு இருந்தது. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“நோட்டு எதுக்குங்க? ஓடுனது இதுதானே” என்றேன்.

மேரி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பார்வையில் கோபம் இல்லை. தான்தான் எங்கேயோ தவறிவிட்டோமோ என்ற சந்தேகம் இருந்தது. அட்டையா, இடமா என்று அவள் கேட்டாள், அட்டைதான் என்று நான் சொன்னேன், அதை நம்பியிருந்தாள். நம்பியதால், பிழை தன்னுடைய வரிகளில்தான் என்று முடிவுசெய்துவிட்டாள்.

“உன் ஒருத்தியால ஒரு பொம்பளை குருடாயிட்டாம்மா” என்றார் செயலாளர்.

அவள் தலைகுனிந்துகொண்டாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொன்னார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போன சத்தம் நின்ற பிறகும் நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எங்கள் தெருப் பெண்ணாக இருந்திருந்தால்? அவளுடைய அப்பா எங்கள் அப்பாவோடு சமமாக உட்கார்ந்து பேசுகிறவராக இருந்திருந்தால்? அப்போதும் அந்த விரல் நீண்டிருக்குமா? இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகள் தள்ளியே வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன்: நீண்டிருக்காது. காலனியிலிருந்து வந்த பெண் தவறு செய்தாள் என்றால் அங்கே யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்று என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த இரண்டு நாளும் கணினி முன் உட்கார்ந்து அந்த நிரல் முழுவதையும் திருத்தினேன். 'ஆள்' என்ற பெயர் இருந்த இடத்திலெல்லாம் அதை நீக்கிவிட்டு, 'ஸ்ட்ரக்ட் கார்டு' என்று முழுதாக எழுதினேன். நட்சத்திரக் குறி வரவேண்டிய இடத்தில் அது வெளிப்படையாக நின்றது. இரண்டு அட்டைக்கு இரண்டு இடம் ஒதுக்கினேன். முடித்துவிட்டுப் பார்த்தால், அது மேரி முதலில் நோட்டில் எழுதிய அதே பன்னிரண்டு வரி! அவற்றுக்கு மேலே இருந்த அவள் பெயரை அழித்து என் பெயரைப் போட்டேன்.

நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய், காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டேன். அந்த வெந்நீரில்தான் குளித்துவிட்டு வேலைக்கு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து மேரி வந்தாள். புதுச்சேரியில் ஒரு வேலைக்கு மனுப் போட, அனுபவச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தாள். முதலாளி, வேலையைப் பற்றி ஒன்றும் எழுதாதே, நடத்தை நன்று என்று மட்டும் போட்டுக் கொடு என்றார். அப்படியே தட்டச்சு செய்து கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்தாள்.

“கம்ப்யூட்டர்ல வேலை பாத்தேன்னு ஒரு வரி போடலாங்களா சார்?”

“ஓனரைத்தான் கேக்கணும்.”

“இல்லைங்க... வேணாம், வுடுங்க.”

மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். போகப்போகிறாள் என்று நான் மூச்சு விட்டபோது, நின்று சொன்னாள்.

“பெருமுக்கல்லுக்குப் போய்ட்டு வந்தேன் சார். அந்த முனியம்மாவப் பாத்தேன்.”

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

“நான்தாம்மா தப்பா எழுதிட்டேன், மன்னிச்சுக்கோன்னு கால்ல வுழுந்தேன். அந்தம்மா திட்டவே இல்ல சார். கையாலயே தடவிப் பாத்து, 'அழுவாத கண்ணு, வேணும்னேவா பண்ணுன'ன்னாங்க. மல்லாட்டை வறுத்துக் குடுத்து அனுப்பிச்சாங்க.”

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். “நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கங்க சார். பஸ்ல எனக்குத் தொண்டையில எறங்கல.”

அப்போது சொல்லியிருக்கலாம். முதலாளி உள்ளே இருந்தார். நாங்கள் இருவர் மட்டும்தான். ஒரே ஒரு வரி: மேரி, அது உன் தவறு இல்லை. அந்த வரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இவ்வளவு சொல்கிற நான் அதை ஏன் சொல்லவில்லை?

“சரி, பாத்துப் போ” என்றேன்.

அவள் போன பிறகு அந்த மல்லாட்டையைத் தின்றேன். ஆம், தின்றேன். அந்த மன்னிப்பு நான் கேட்டிருக்கவேண்டியது. அதை அவள் என் பொருட்டு, தன் தவறு என்று நம்பி, காலில் விழுந்து வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அவள் வாங்கியதால் அது என்னுடையது ஆகவில்லை. நான் அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கவே இல்லை. சில ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நான் நன்றாகத்தான் வாழ்ந்தேன். விழுப்புரத்திலேயே 'சி' மொழி சொல்லிக்கொடுக்கும் வகுப்பு நடத்தினேன். என் மாணவர்கள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். அவர்கள் என்னைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள்: ஸ்ட்ரக்ட்டுக்கு மாற்றுப் பெயர் வைக்கக்கூடாது, அது என்னவென்று கண்ணுக்குத் தெரியும்படி முழுதாக எழுதவேண்டும் என்பது சாருடைய விதி. ஒரு பையன் கேட்டான், “இத எங்க சார் கத்துக்கிட்டீங்க?” என்று. அனுபவம் என்றேன். வகுப்பே குறிப்பெடுத்துக்கொண்டது.

மேரி எங்கே இருக்கிறாள் என்று தெரியும். புதுச்சேரிக்கு அருகே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறாள். அந்த மாதத்துக்குப் பிறகு அவள் கணினியைத் தொடவே இல்லையாம். பள்ளிக்குக் கணினி வந்தபோதும், எனக்கு வேண்டாம், என் கையால் ஒரு அம்மாவுக்குக் கண் போயிற்று என்று சொன்னாளாம். அவளோடு வேலை பார்த்த ஒருவர், கதை போல இதை என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகளாக அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள்! ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான்... இன்னும் போகவில்லை.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது கடைசியாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேரி என்பது அவள் பெயர் அல்ல. அவளுடைய உண்மைப் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதினேன்; பிறகு அடித்துவிட்டு மேரி என்று மாற்றினேன். உண்மைப் பெயர் இருந்தால் யாராவது இதை அவளிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள். அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதற்காகத்தானே எழுதினாய் என்று கேட்பீர்கள். ஆம், அதற்காகத்தான். ஆனாலும் அடித்துவிட்டேன்.